அரைக்கால் அங்குலம்: செயின்ட் லூயிஸ் மரச்சிட்டும் என் கொல்லை ஃபீடரும்

போன வருடம் மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை, கொல்லையில் இருந்த பெட்டியைத் திறந்து ஒரு குருவிக்கூட்டை அப்படியே அள்ளிக் குப்பைப் பையில் போட்டேன். உள்ளே மூன்று முட்டை. தெரிந்துதான் போட்டேன், கோபத்தோடுதான் போட்டேன், இந்த நாட்டுச் சட்டப்படி அதில் குற்றமும் இல்லை. பையைக் கட்டிவிட்டு நிமிர்ந்தால் வேலிக் கம்பியில் ஒரு ஜோடி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் தலையில் காப்பிக்கொட்டை நிறம், இரண்டுக்கும் வெள்ளைக் கன்னம், கன்னத்தின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. நான் கோபப்பட்டது இந்தக் குருவி மேல் இல்லை. கூடு மாறிப் போச்சு.

அந்தச் சனிக்கிழமை வரைக்கும் என்னென்ன தப்பு செய்தேன், அப்புறம் எதை மாற்றினேன், அந்தப் பொட்டுக் குருவி 150 வருடத்துக்கு மேலாக ஏன் இந்த ஆற்றங்கரையைத் தாண்டிப் பெரிதாக நகரவே இல்லை, இதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு கொல்லை, இரண்டு குளிர்காலம். என் கையில் இருக்கும் தரவு அவ்வளவுதான், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நாங்கள் இருப்பது மிசிசிப்பி ஆற்றுக்கு இந்தக் கரை, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம். பாலத்தைத் தாண்டினால் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரம். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வருடம் சோயா, மறு வருடம் மக்காச்சோளம் என்று மாற்றி மாற்றிப் போடுகிற வயல். இந்த வயல்தான் கதையில் முக்கியமான ஆள் என்பது எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று நம் சிட்டுக்குருவி. அதே இனம்தான், ஐரோப்பாவிலிருந்து இங்கே கொண்டுவந்து விடப்பட்டது. குழப்பம் வராமல் இருக்க இதை வீட்டுச்சிட்டு என்கிறேன். ஆணுக்குச் சாம்பல் உச்சி, தொண்டையிலிருந்து நெஞ்சு வரை கறுப்பு, பெண் மங்கலான பழுப்பு. இன்னொன்று மரச்சிட்டு. அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான், ஒரு சுற்றுச் சிறியது, ஆணும் பெண்ணும் அச்சில் வார்த்தமாதிரி ஒன்றுபோல இருக்கும். ஊரில் சிட்டுக்குருவியைக் காணோம் என்று மார்ச் 20 அன்று நாம் தினம் கொண்டாடுகிறோம், அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு வாசலில் மாட்டுகிறோம். இங்கே அதே குருவியின் கூட்டைப் பிடுங்கிப் போடுவதைப் பறவைப் பிரியர்கள் கடமையாகச் செய்கிறார்கள். 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் சட்டம் உள்ளூர்ப் பறவைகளைக் காக்கிறது, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வீட்டுச்சிட்டுக்கும் இல்லை, மரச்சிட்டுக்கும் இல்லை.

வீட்டுச்சிட்டு வந்த கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 1850களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் புரூக்ளினில் கொண்டுவந்து விட்டார்கள். மரங்களை மொட்டையடிக்கும் புழுக்களைத் தின்னும் என்று நம்பிக்கை. ஒரு தடவையோடு நிறுத்தவில்லை, ஊர் ஊராக ஆளாளுக்கு வாங்கி விட்டார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இது ஒரு தலைவலி என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. 1870களில் பாஸ்டனின் தாமஸ் புரூவர் குருவிக்கு வக்காலத்து வாங்க, எலியட் கவுஸ் எதிர்த்து எழுத, இரண்டு பறவையியலாளர்களும் வருடக்கணக்கில் அச்சில் அடித்துக்கொண்டதற்குக் குருவிப் போர் என்றே பெயர். 1889இல் அரசின் வேளாண் துறை இந்த ஒரு குருவியைப் பற்றி மட்டும் முழுப் புத்தகமாக அறிக்கை போட்டது.

மரச்சிட்டுக்கு இந்த ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. செயின்ட் லூயிஸ் அப்போது ஜெர்மானியர் நிறைந்த ஊர், ஜெர்மன் பத்திரிகை, பீர் ஆலை, எல்லாம் அவர்களுடையது. 1870 ஏப்ரல் கடைசியில் ஜெர்மனியிலிருந்து கூண்டுகளில் வந்த பறவைகளை லாஃபயெட் பூங்காவில் திறந்து விட்டார்கள். கார்ல் டென்ட்ஸர் என்ற ஜெர்மன் பத்திரிகை ஆசிரியர் இதில் முன்னின்றவர். புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை, ஊர் ஞாபகத்துக்குத்தான். (பெட்டியில் கறிவேப்பிலைக் கன்றை ஒளித்துக் கொண்டுவருகிற நாம் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது.) கூட வந்த ஃபிஞ்ச் என்கிற சிறு பறவை வகைகள் காணாமல் போயின. மரச்சிட்டு மட்டும் தங்கியது. எத்தனை விட்டார்கள் என்பதில் கணக்குக்குக் கணக்கு மாறுகிறது, 12 என்பார்கள், 20 என்பார்கள். எதுவாக இருந்தாலும் ஒரு பஸ்ஸில் பாதிக்கு வராத கூட்டம். இன்று இங்கே இருக்கும் அத்தனை மரச்சிட்டும் அந்தக் கையளவிலிருந்து வந்ததுதான், அதனால் ஜெர்மனியில் இருக்கும் சொந்தங்களோடு ஒப்பிட்டால் மரபணு வேறுபாடு இவற்றிடம் குறைவு.

ஏழெட்டு வருடம் ஊருக்குள் நிம்மதியாக இருந்தது. 1870களின் பிற்பகுதியில் கிழக்கிலிருந்து வீட்டுச்சிட்டு வந்து சேர்ந்தது. அப்புறம் நடந்ததை ஓட்டோ விட்மன் பதிவு செய்திருக்கிறார், அவரும் ஜெர்மனியில் பிறந்து செயின்ட் லூயிஸில் குடியேறியவர், 1907இல் மிசௌரி மாநிலப் பறவைகளின் பட்டியலை வெளியிட்டவர். சுருக்கமாகச் சொன்னால், பெரியவன் வந்தான், சின்னவன் ஊர் எல்லைக்குப் போனான். இன்றைக்கும் மரச்சிட்டு இருப்பது செயின்ட் லூயிஸ் சுற்றுவட்டாரம், மேற்கு இல்லினாய், ஆற்றை ஒட்டி வடக்கே அயோவாவின் தென்கிழக்கு மூலை வரை. அங்கே மெதுவாகப் பரவுகிறது, அவ்வளவே. மொத்தம் 15,000 என்று ஒரு காலத்தில் மதிப்பிட்டார்கள். இந்தக் கண்டத்தில் வேறு எங்கும் எளிதில் பார்க்க முடியாது என்பதால், பட்டியல் போடுகிற பறவை ஆர்வலர்கள் விமானம் பிடித்து இங்கே வந்து, ரிவர்லாண்ட்ஸ் சரணாலயத்திலோ ஹார்ஸ்ஷூ ஏரியிலோ பார்த்து டிக் அடித்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். என் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே அது பனிவரகு தின்றுகொண்டிருந்த நாட்களில் எனக்கு இது எதுவுமே தெரியாது.

சரி, என் தப்புகளுக்கு வருகிறேன்.

இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் நவம்பரில், கடையில் இருந்ததிலேயே மலிவான பறவைத்தீனிக் கலவையை ஒரு பெரிய மூட்டை வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் பாதி செஞ்சோளம், மீதியில் உடைத்த மக்காச்சோளமும் பனிவரகும், பேருக்கு நாலு சூரியகாந்தி விதை. அகலமான ஒரு தட்டு ஃபீடரைக் கம்பத்தில் மாட்டி, அதில் குவியலாகக் கொட்டினேன். ஒரு வாரத்தில் வீட்டுச்சிட்டுக் கூட்டம் வந்து இறங்கியது. காலையில் பார்த்தால் ரேஷன் கடை வரிசை. எண்ணிப் பார்க்க வேறு முடியாது, ஒன்று எழுந்தால் மூன்று உட்காரும். கார்டினல் பறவை ஒரு ஜோடி விடிவதற்கு முன்னும் இருட்டுகிற நேரத்திலும் மட்டும் வந்து போனது, சிக்கடி என்கிற குட்டிப் பறவை ஒரு விதையைக் கவ்விக்கொண்டு நிற்காமல் ஓடியது. செஞ்சோளத்தை யாரும் தொடவில்லை. காலால் கீழே தள்ளித் தள்ளி, மார்ச்சில் பனி உருகியபோது கம்பத்தடியில் கஞ்சிமாதிரி ஊறிக்கிடந்தது.

அந்தக் குளிர்காலம் அம்மா வந்திருந்தார். குளிருக்குப் பயந்து ஜன்னலை விட்டு நகரமாட்டார், அதனால் என்னைவிடப் பத்து மடங்கு அதிகமாகக் குருவி பார்த்தவர் அவர்தான். ஒரு நாள் கூப்பிட்டார். “டேய், இங்க வந்து பாரு. இதுல ரெண்டு மூணுக்கு மட்டும் யாரோ திருஷ்டிப் பொட்டு வெச்சு விட்டிருக்காங்க.”

“எல்லாம் ஒரே குருவிதாம்மா” என்றேன், போனைப் பார்த்துக்கொண்டே.

“ஒரே குருவி எப்படிடா ஆகும்? பொட்டு வெச்சதெல்லாம் தட்டுலயே ஏறல. கீழதான் பொறுக்குது.”

முறத்தில் அரிசி புடைக்கும்போது நொய் பொறுக்க வருகிற குருவிகளை ஐம்பது வருடம் பார்த்த கண் அது. நான் எழுந்து பார்க்கக்கூட இல்லை.

ஏப்ரலில் அம்மா கிளம்பிவிட்டார். அந்த வாரமே நான் நீலப்பறவைக்காக ஒரு கூட்டுப்பெட்டி வாங்கி மாட்டினேன், ஒன்றரை அங்குல ஓட்டை, அந்தப் பறவைக்குச் சரியான அளவுதான். ஒரு ஜோடி வந்தது, கூடு கட்டியது, நான்கு நீல முட்டை. ஒரு நாள் சாயங்காலம் பெட்டிமேல் வீட்டுச்சிட்டு ஆண் ஒன்று உட்கார்ந்து விடாமல் கத்திக்கொண்டிருந்தது. மறுநாள் கதவைத் திறந்தேன். தாய்ப்பறவை முட்டைமேல் படுத்த வாக்கிலேயே செத்துக் கிடந்தது, பின்மண்டையில் இறகு இல்லை, கொத்திக் கொத்திச் சதை தெரிந்தது. அதன் முதுகின்மேல் இரண்டு காய்ந்த வைக்கோல் கிடந்தது, அதற்குள் தன் கூட்டுக்கு அடித்தளம் போட ஆரம்பித்திருக்கிறான். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியமே படவில்லை. கூட்டமாகத் தீனி போட்டால் கூட்டமாகத்தான் பெட்டியும் கேட்கும் என்றார்.

அதுதான் கோபம். கொல்லையின் மறுகோடியில், வயல் ஓரம் இருந்த பழைய பெட்டியில் மே மாதம் குருவி நடமாட்டம் தெரிந்ததும் நான் நின்று பார்க்கவில்லை, யோசிக்கவில்லை, திறந்து அள்ளிவிட்டேன். அப்போது கவனித்திருந்தால் கூடே சொல்லியிருக்கும். வீட்டுச்சிட்டின் கூடு அலங்கோலமாக, வைக்கோலும் பிளாஸ்டிக் நூலும் கண்டதும் திணித்ததாக இருக்கும். இதில் உள்ளே குழிந்த இடம் முழுக்க மெத்தென்று இறகு. முட்டையும் சிறியது, புள்ளிகள் நெருங்கி நெருங்கி, தூரத்திலிருந்து பார்த்தால் முழுப் பழுப்பாகவே தெரியும். வேலிக் கம்பியில் உட்கார்ந்திருந்த ஜோடியைப் பார்த்த பிறகு பையை அவிழ்த்துத் திரும்ப எடுத்து வைக்கப் பார்த்தேன். ஒரு முட்டை உடைந்திருந்தது. மற்ற இரண்டையும் கூட்டோடு வைத்தேன். அவை அந்தப் பெட்டிப் பக்கம் அப்புறம் வரவில்லை.

அன்று ராத்திரிதான் முதல் தடவையாக உட்கார்ந்து படித்தேன், யார் எவர் என்று. படித்ததும் இன்னொரு குழப்பம். இங்கே குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருகிற இன்னொரு பறவைக்கும் ஆங்கிலத்தில் மரச்சிட்டு என்றே பெயர், முன்னால் அமெரிக்க என்று சேர்த்துக்கொள்வார்கள். அது இந்த மண்ணின் பறவை, வேறு குடும்பம், உறவே கிடையாது. ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள் செம்பழுப்புத் தலையைப் பார்த்ததும் நம் ஊர்க் குருவிமாதிரி இருக்கிறதே என்று பழைய பெயரைத் தூக்கி வைத்துவிட்டார்கள். என் ஃபீடரில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தே பார்த்திருக்கிறேன். பிரித்தறிவது சுலபம்: அமெரிக்கனுக்குக் கன்னம் சாம்பல், பொட்டு நெஞ்சில் இருக்கும், அலகின் மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி மஞ்சள். பொட்டு கன்னத்தில் என்றால் ஜெர்மன்காரன்.

இரண்டாவது குளிர்காலத்தில் மூன்று விஷயங்களை மாற்றினேன். மலிவுக் கலவையை நிறுத்தினேன். தட்டைக் கழற்றிவிட்டுக் குழாய் ஃபீடர் மாட்டி, உட்காரும் குச்சிகளைக் குட்டையாக நறுக்கி, சூரியகாந்தியும் குசும்பா விதையும் மட்டும் போட்டேன். குசும்பாவைக் கார்டினல் ஆசையாகத் தின்கிறது, வீட்டுச்சிட்டுக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. தனியாக ஒரு வலைப்பையில் பேயெள்ளு, அது மஞ்சள் ஃபிஞ்சுகளுக்கு. இந்தப் பேயெள்ளு இங்கே விளைகிறது ரொம்பக் குறைவு, எத்தியோப்பியாவிலிருந்தும் நம் நாட்டிலிருந்தும்தான் வருகிறது. கூடவே களைவிதை வந்து முளைத்துவிடக்கூடாது என்று சூடேற்றி உயிரை எடுத்துத்தான் துறைமுகத்துக்குள் விடுகிறார்கள். விதைக்கு இவ்வளவு கெடுபிடி. 1870இல் பறவைக்குக் கூண்டைத் திறந்து விட்டதோடு சரி.

மூன்றாவது மாற்றம், பனிவரகை மட்டும் பிரித்தெடுத்து, வீட்டிலிருந்து தள்ளி வயல் வேலியோரம் தரையில் ஒரு கைப்பிடி தூவினேன். காலையில் ஒரு கை, அவ்வளவுதான், மதியத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும், ராத்திரி எலிக்கு மிச்சம் இருக்கக்கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஃபீடரைக் கழுவிக் காயவைப்பதும் அப்போதுதான் ஆரம்பித்தேன். முந்தின வருடக் கஞ்சியை நினைத்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது.

எண்ணுவதற்குக் கார்னெல் பறவை ஆய்வகமும் பேர்ட்ஸ் கனடாவும் நடத்துகிற ஃபீடர்வாட்ச் திட்டத்தின் முறையைப் பிடித்துக்கொண்டேன். நவம்பர் முதல் ஏப்ரல் வரை, அடுத்தடுத்த இரண்டு நாள், ஓர் இனத்தில் ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கை எதுவோ அதை மட்டும் குறிக்க வேண்டும். வந்ததெல்லாம் கூட்டினால் ஒரே குருவி இருபது தடவை வந்து இருபது குருவியாகிவிடும். கொல்லைக்காரனுக்கு இதைவிட நேர்மையான கணக்கு கிடையாது.

பார்த்ததைச் சொல்கிறேன். மரச்சிட்டு கூட்டமாக வரும், ஏழு எட்டு, வயல் பக்கத்திலிருந்துதான் வரும், வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தடவைகூட வந்ததில்லை. வீட்டுச்சிட்டு நேர் எதிர், கூரை இடுக்கிலிருந்து வரும். இரண்டும் ஒரே இடத்தில் இறங்கினால் சண்டை என்று பெரிதாக எதுவும் நடக்காது. ஓர் ஆண் வீட்டுச்சிட்டு தலையைத் தாழ்த்தி இரண்டு அடி முன்னால் வைக்கும், பொட்டுக்காரன் ஒரு முழம் தள்ளிப் போய்ப் பொறுக்குவான். மறுபடி இரண்டு அடி, மறுபடி ஒரு முழம். பத்து நிமிடத்தில் மரச்சிட்டுக் கூட்டம் வேலியில் இருக்கும். அடிபட்டது எதுவும் இல்லை, ஆனால் நிலம் கை மாறிவிட்டது. விட்மன் காலத்தில் ஊருக்கு நடந்ததை என் கொல்லையில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டிக் காட்டினார்கள்.

ஏன் பரவவில்லை என்பதற்கு என் கொல்லை போதுமான சாட்சி இல்லைதான். ஆனால் மற்ற ஊர்க் கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐரோப்பாவில் ஊர் வீட்டுச்சிட்டுக்கு, வயல் மரச்சிட்டுக்கு. வீட்டுச்சிட்டு அநேகமாக இல்லாத சீனாவிலும் ஜப்பானிலும் மரச்சிட்டுதான் தெருக்குருவி. 1958இல் மாவோ காலத்தில் தட்டு தட்டி, உட்காரவிடாமல் விரட்டிக் கொன்றார்களே, அந்தக் குருவி இதுதான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் தமிழர்கள் கடைமேசையில் சோற்றுப்பருக்கை பொறுக்குகிற சிட்டுக்குருவி என்று படம் போட்டால் கன்னத்தைப் பாருங்கள், பெரும்பாலும் பொட்டு இருக்கும். ஆஸ்திரேலியாவிலும் 1860களில் இரண்டையுமே கொண்டுபோய் விட்டார்கள். வீட்டுச்சிட்டு கிழக்குப் பாதி முழுக்கப் பரவியது, மரச்சிட்டு தென்கிழக்கு மூலையிலேயே நின்றுவிட்டது. ஊரும் கூரையும் இருந்தால் மரச்சிட்டும் அங்கே வாழும், ஆனால் அண்ணன் அங்கே இல்லாமல் இருக்க வேண்டும். இது என் முடிவு.

அது மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன். வீட்டுச்சிட்டை நூறு கைகள் பல ஊர்களில் விட்டன, மரச்சிட்டை இந்த நாட்டில் ஓர் ஊரில்தான் விட்டார்கள். விதைத்த அளவே வேறு. அதோடு வீட்டுச்சிட்டின் கொடியும் இப்போது இறங்குமுகம்தான், இங்கே 1966 முதல் நடக்கிற கணக்கெடுப்பில் அதன் எண்ணிக்கை விடாமல் சரிந்துகொண்டே வருகிறது. பிரிட்டனில் மரச்சிட்டின் கதை இன்னும் மோசம், 1970களிலிருந்து 90 விழுக்காட்டுக்கும் மேல் போய்விட்டது, அங்கே அதைக் காப்பாற்றப் பெட்டி மாட்டுகிறார்கள். அவர்கள் பெட்டியின் அளவைத்தான் நான் காப்பியடித்தேன்.

அந்த அளவு 28 மில்லிமீட்டர், ஒன்றே அரைக்கால் அங்குலம். வீட்டுச்சிட்டு நுழைய 32 மில்லிமீட்டர் வேண்டும், ஒன்றேகால் அங்குலம். வித்தியாசம் அரைக்கால் அங்குலம்தான். வயலோரப் பழைய பெட்டியைக் கழற்றிவிட்டு, பிப்ரவரியில் நானே பலகை அறுத்து, சரியான அளவு டிரில் பிட் வாங்கி ஓட்டை போட்டு மாட்டினேன். இதில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு, மறைக்கவில்லை. அதே ஓட்டை சிக்கடிக்கும் கச்சிதமான அளவு. சிக்கடி இந்த மண்ணின் பறவை, மரச்சிட்டு வந்தேறி, நான் யாருக்குப் பெட்டி மாட்ட வேண்டும்? வந்தேறியாகிய எனக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் அதிகமாகவே குத்துகிறது. கடைசியில் மரங்களுக்கு நடுவே சிக்கடிக்கு ஒன்று, திறந்த வயலோரம் மரச்சிட்டுக்கு ஒன்று என்று இரண்டு பெட்டி மாட்டினேன். நீலப்பறவைப் பெட்டியை, இந்தக் கொல்லையில் வீட்டுச்சிட்டுக் கூட்டம் இருக்கும்வரை, திரும்ப மாட்டப்போவதில்லை.

இந்த ஏப்ரலில் வயலோரப் பெட்டிக்கு மரச்சிட்டு வந்துவிட்டது. போன வருட ஜோடிதானா என்று கேட்காதீர்கள், எல்லாம் ஒரே முகம். ஆளில்லாத நேரம் பார்த்து ஒரே ஒரு தடவை திறந்தேன்: இறகு மெத்தை, ஐந்து முட்டை, அதில் ஒன்று மட்டும் வெளிறிப்போய். கடைசியாக இட்ட முட்டை அப்படித்தான் இருக்குமாம். படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். “நான் அன்னிக்கே சொன்னேன்” என்று பதில் வந்தது.

வீட்டுச்சிட்டு ஆண் ஒன்று நாலு நாளாக அந்தப் பெட்டியையே சுற்றுகிறது. ஓட்டையில் தலையை விடுகிறது. தலை போகிறது, தோள் போகவில்லை. வெளியே எடுத்து, பெட்டிமேல் ஏறி நின்று கத்திவிட்டு, இறங்கி வந்து மறுபடி தலையை விடுகிறது. உள்ளேயிருந்து ஒரு சின்ன அலகு அதன் நெற்றியில் கொத்துகிற சத்தம் வேலி வரைக்கும் கேட்கிறது.